தேர்தல் அதிகாரியின் ஓட்டு

என் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால்கூடத் தேர்தல் பாஷையில்தான் வரும். நில அளவை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவரைப் பிடித்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் உட்கார வைத்துவிடுவார்கள். விரலில் மை வைப்பதில் ஆரம்பித்து, வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி வரை உயர்ந்தார். அலுவலகத்தில் கிடைத்த பதவி உயர்வைவிட இது வேகமாகவே நடந்தது. மற்றவர்கள் மருத்துவச் சான்றிதழ் வாங்கி அந்த வேலையிலிருந்து நழுவப் பார்ப்பார்கள்; இவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு போவார்.

இந்த ஊரில் வேலை கிடைத்ததிலிருந்து, நான்கு வருடமாக நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். சித்தி என் அம்மாவின் தங்கை, மருத்துவமனையில் நர்ஸ். அவள் டியூட்டிக்குப் போகும் நாட்களில் சமையலறையில் நடப்பது காபந்து அரசு. "காபந்து அரசு புதுசா கொள்கை முடிவெல்லாம் எடுக்கக் கூடாது" என்று சொல்லி, சித்தப்பா மூன்று வேளையும் முட்டையையே பொரித்துப் போடுவார். டிவியில் எதைப் பார்ப்பது என்பதற்கு ஓட்டெடுப்பு உண்டு. அதில் அவருடைய செய்தி சானலுக்கு எப்போதும் டெபாசிட் காலி. தட்டைக் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் நழுவினால், "தேர்தல் வாக்குறுதி" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கழுவி வைத்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதரோடு யாரால் சண்டை போட முடியும்?

சித்தியால் முடியும். அதுதான் கதை.

எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடுகள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கீழ்த்தளத்து டிரைவிங் ஸ்கூல்காரர். ஒன்பது வருடமாகப் போட்டியின்றித் தேர்வாகி வந்தவர். மோசமான ஆள் இல்லை. ஆனால் தண்ணீர் மோட்டார் அறையின் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். யாருக்காவது கியர் மாற்றச் சொல்லிக்கொடுக்க அவர் காரில் கிளம்பிவிட்டால், மூன்றாம் மாடியில் இருக்கும் எங்களுக்குத் தண்ணீர் ஏறாது. எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வரும் சித்தி, வாளி வாளியாகப் படியேற்றுவாள். ஒரு நாள் வாளியைத் தொப்பென்று ஹாலில் வைத்துவிட்டு, "இந்தத் தடவை செயலாளர் தேர்தல்ல நான் நிக்கப் போறேன்" என்றாள்.

தேர்தல் நடத்த அதிகாரி வேண்டுமே. சங்கத்தில் எல்லோரும் ஒரே குரலில் சித்தப்பாவைச் சொன்னார்கள். மனைவி வேட்பாளர், கணவர் தேர்தல் அதிகாரி. வேறு யாராக இருந்தாலும் ஊரே சிரித்திருக்கும். இவர் விஷயத்தில் எதிர் வேட்பாளரே, "சார் இருந்தா எனக்குக் கவலையில்ல" என்றார். கவலைப்பட்டது சித்திதான்.

அதில் நியாயம் இருந்தது. வயதை எழுத மறந்துவிட்டாள் என்று அவளுடைய வேட்புமனுவைத் திருப்பி அனுப்பினார், ஹாலிலிருந்து சமையலறைக்கு. எங்கள் வீட்டுக் கதவில் அவள் ஒட்டிய நோட்டீஸை, இது தேர்தல் அலுவலகமும்கூட என்று சொல்லிக் கிழித்துப் போட்டார். ஆதரவு சொல்ல வந்த பக்கத்து வீட்டம்மாவுக்குச் சித்தி டீ கொடுத்தபோது, "வாக்காளருக்கு உபசாரம் கூடாது, நடத்தை விதி மீறல்" என்று தம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தம்மா அதற்குள் பாதி குடித்திருந்தார்.

சித்தி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான்.

"நீங்க யாருக்குப் போடுவீங்க?"

"அது ரகசியம்."

"பொண்டாட்டிங்கிறதுக்காகப் போட வேணாம். அப்படி ஒரு ஓட்டு எனக்குத் தேவையே இல்ல. இந்த வேலையை நான் ஒழுங்கா செய்வேன்னு உங்களுக்குத் தோணுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"வேட்பாளர் வாக்காளர்கிட்ட இப்படிக் கேக்கறதே தப்பு."

அன்றோடு சித்தி அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம், உப்பு வேண்டும் என்றாலும் என் வழியாகத்தான் போய் வந்தது. எனக்குச் சித்தப்பா மேல் நிஜமாகவே ஆத்திரம் வந்தது. இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் ஷெட்டில் வாக்குப்பதிவு. மறைப்புக்கு எங்கள் வீட்டு ஜன்னல் திரை. ஓட்டுச் சீட்டுகளை அச்சடித்து, ஒவ்வொன்றின் பின்பக்கமும் சித்தப்பாவே சங்க முத்திரை குத்தியிருந்தார். விதிகளைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பெயருக்கு நேரே டிக் மட்டும் போட வேண்டும். சீட்டில் பெயரோ கையெழுத்தோ இருந்தால் ஓட்டு செல்லாது. போட்டது யார் என்று தெரிந்துவிடும் அல்லவா. மொத்தம் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் போட்டு முடித்ததும், மேசையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா தன் சீட்டோடு திரைக்குப் பின்னால் போனார். வெளியே வர வெகு நேரமாயிற்று.

எண்ணிக்கையில் நான் சித்தியின் முகவர். டிரைவிங் ஸ்கூல்காரருக்கு அவருடைய மருமகன். ஆளுக்கு இருபது என்று வந்து நின்றபோது பெட்டியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. சித்தப்பா அதைப் பிரித்தார். டிக் சித்தியின் பெயருக்கு நேரே இருந்தது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. முத்திரையைச் சரிபார்க்க அவர் சீட்டைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முத்திரைக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது.

அவர் வேலை பார்த்த ஓட்டுச்சீட்டுத் தேர்தல்களில் ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் தலைமை அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை வாக்காளரிடம் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான சீட்டுகளில் போட்ட கை அது. டிக் போட்ட கையோடு, தன் பாட்டுக்குத் திருப்பிக் கையெழுத்தையும் போட்டுவிட்டது.

டிரைவிங் ஸ்கூல்காரர் எட்டிப் பார்த்தார். "ஏதோ பழக்கத்துல போட்டுட்டீங்க, சார். அம்மாவுக்குத்தான் போட்டிருக்கீங்கன்னு தெளிவா தெரியுதே. செல்லும்னு சொல்லிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல."

பெரிய மனசுதான். சித்தி சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டது யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் சித்தப்பா. "செல்லாது."

சமமாக வந்தால் குலுக்கல் என்பதும் விதிகளில் இருந்தது. பக்கத்து வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் பெயர் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன். முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

சித்தி எதிரே வந்து நின்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு நேராக அவரிடம் பேசினாள்.

"உள்ள போய் ஏன் அவ்வளவு நேரம்?"

"யோசிச்சேன்."

"எனக்குப் போடறதுக்கா?"

"அவரும் ஒன்பது வருஷம் பாத்தவரு. மொட்டை மாடி ஒழுகினப்போ ராப்பகலா நின்னு சரி பண்ணினாரு. நீயோ எடுத்தெறிஞ்சு பேசுவே. ரெண்டு பக்கமும் பாக்கணுமில்ல?"

சித்தி மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பாத்தேன். நீதான் நல்லா செய்வேன்னு பட்டுச்சு. அதுக்கப்புறம்தான் டிக் போட்டேன்." தலையைக் குனிந்துகொண்டார். "என்னாலதான் தோத்துட்டே."

சித்தி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தோற்றுப்போனதற்காக இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"தோத்ததை விடுங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

சித்தப்பா இன்னொரு தடவை சொன்னார்.