ஏழு சிவப்புக் கடல் விசிறிகள்

எழுத்து அழகாக இருப்பவர்களுக்கு உலகத்தைத் திருத்தும் உரிமை உண்டு என்று நான்காம் வகுப்பில் உறுதியாக நம்பினேன். வகுப்பிலேயே என் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். எங்கள் தீவின் ஷாதிபூரில் எங்கள் வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அத்தையின் எழுத்தோ சுத்தக் கோழிக்கிறுக்கல்.

அத்தை அப்பாவின் தங்கை. சுனாமிக்குப் பிறகு எந்தத் தீவை ஒட்டி எந்தக் கடல் விசிறி பிழைத்திருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கடல் விசிறி பார்வைக்குச் செடி, உண்மையில் பவளத்தின் இனத்தைச் சேர்ந்த உயிர். தொட்டாலே சட்டம் பாயும் என்பதால், அனுமதி வாங்கி, முக்குளித்து, விரல் நீளத் துண்டு மட்டும் வெட்டி வருவாள். கல்லூரியில் இடமில்லாததால் ஸ்பிரிட் ஊற்றிய இருபத்திரண்டு பாட்டில்கள் எங்கள் அலமாரியில் இருந்தன. எந்த இடத்தில் எடுத்தது என்று பென்சிலால் எழுதிய சீட்டு ஒவ்வொன்றின் உள்ளேயும் கிடக்கும்.

நிறத்தை வைத்தே இனம் பிரிக்கலாமே என்பது என் யோசனை. "நிறம் ஏமாத்தும்டி. ஒரே இனத்துல செவப்பும் இருக்கும், மஞ்சளும் இருக்கும்" என்பாள். ஒரு துணுக்கைப் பிளீச்சில் போட்டுச் சதையைக் கரைத்து, எஞ்சும் சுண்ணாம்புத் துகள்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். அவற்றின் வடிவம்தான் இனத்தைக் காட்டிக்கொடுக்குமாம். கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு இதென்ன வேண்டாத வேலை என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது, அந்த அசிங்கமான சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, கடலுக்கு அந்தப்பக்கம் மெயின்லேண்டிலிருந்து மாமா அனுப்பிய நீலப் பேனாவால் புதிதாக எழுதிப் போட்டேன். மாலைக்குள் மை கரைந்து ஸ்பிரிட் நீலமாகிவிட்டது. என் சீட்டுகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"அரே, பென்சில் சீட்டெல்லாம் எங்கடி?"

"குப்பையோட கச்ரா வண்டில போட்டுட்டேன் அத்தை."

அவள் என்னை அடிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் இருந்த படங்களையும் குறிப்புகளையும் வைத்து மூன்று நாளில் பதினைந்தின் இடத்தைக் கண்டுபிடித்தாள். நோட்டில் ஏறாத, இன்னும் சோதிக்காத ஏழு மட்டும் மிஞ்சின. சோதித்தால் இனம் தெரியும், எடுத்த இடம் தெரியாதாம். ஏழும் சிவப்பு, ஏழும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அனுமதிக் காலம் முடிந்துவிட்டதால் மறுபடி வெட்டவும் முடியாது.

நான் விட்டுவிடுவேனா? "இது மாயாபந்தர், பக்கா. இது ஹேவ்லாக்" என்று ஏழுக்கும் அடித்துச் சொன்னேன். அடர்சிவப்பு மாயாபந்தர், வெளிர்சிவப்பு ஹேவ்லாக் என்று அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தேன். ஆனாலும் சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது.

"அதான் புள்ள இவ்வளவு தெளிவாச் சொல்லுதே, எழுதிட்டுப் போயேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் அப்பா.

அத்தை பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பாட்டில்களையே பார்த்தாள். பிறகு ஏழு சீட்டு எழுதி உள்ளே போட்டு, "டீக் ஹை குட்டி, போய் வெளையாடு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நன்றியில்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு ஆராய்ச்சியையே காப்பாற்றிய பெருமையில் அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பாட்டில்களைத் திருப்பிப் படித்தேன். ஏழு சீட்டிலும் ஒரே வரிதான். 'எடுத்த இடம் தெரியவில்லை.'

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவ்வளவு படித்தவளுக்கு, நான் அத்தனை தெளிவாகச் சொன்னது அடுத்த நிமிடமே மறந்துவிட்டதே என்று அத்தையை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.