எதிர்க்காற்றில் வந்த மிதவை

தெருவில் அவளுக்கு ஏரி டாக்டர் என்று பெயர். தான் வாங்கிய பட்டம் மருத்துவத்துக்கானது இல்லை, தண்ணீருக்கானது என்று எத்தனை தடவை சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரி முழங்காலைக் காட்டாமல் விட்டதில்லை. "முழங்கால்ல நீர் கோத்தா மட்டும் என்கிட்ட வாங்கக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஊரை ஒட்டிக் கிடந்த ஏரிக்கு அக்கரை கண்ணுக்குத் தெரியாது. அத்தனை பெரிய ஏரிக்குள் தண்ணீர் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த ஆழம்வரை மீன் மூச்சுவிட முடியும் என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அதற்காக மிதவைகளை விடுவாள். மேலே ஒரு பந்து. அது எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கருவி அதற்குள். பந்திலிருந்து தொங்கும் கயிற்றின் நுனியில் சிவப்புத் துணியில் ஒரு பாய். பாய் தொங்குகிற ஆழத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, மிதவையும் அந்தப் பக்கம் போகும். பாய் தைப்பது அவள் கணவன். அவன் தையற்காரன். "எல்லாரும் மனுஷனுக்குத் தைக்கிறாங்க. என் கஸ்டமர் அளவெடுக்க ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டே தைப்பான்.

ஊருக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. கோடை முடிகிற சமயத்தில் சில நாள் குழாய்த் தண்ணீர் அழுகிய முட்டையாக நாறும். குடிநீர் நிலையத்தின் பொறியாளர் வேறு யாருமில்லை, இவளுடைய நாத்தனார். "பழைய குழாய் அண்ணி, கழுவி விட்டா சரியாயிடும்" என்று வருஷா வருஷம் அதையே சொல்லுவாள்.

இந்தக் கோடைக் கடைசியில் காற்று ஊர்ப் பக்கத்திலிருந்து ஏரியை நோக்கி விடாமல் அடித்தது. இவள் மிதவைகளை விட்டாள். பாய் மேலாகத் தொங்கியவை காற்றோடு அக்கரைக்குப் பறந்தன. அடியாழத்தில் பாய் தொங்கிய ஒன்று மட்டும் காற்றுக்கு எதிராக ஊரைப் பார்த்து நகர்ந்தது. கருவி கோளாறு என்று இவள் நினைத்தாள். அடுத்த நாள் கணினித் திரையில் அந்த மிதவையைக் காட்டும் புள்ளி கரையேறி, சாலையில் விறுவிறுவென்று போய், ஒரு வீட்டில் நின்றது.

கணவன் எட்டிப் பார்த்தான். "உன் மிதவைக்குக் கால் முளைச்சிருச்சுடி!"

இருவரும் ஸ்கூட்டரில் அந்த வீட்டுக்குப் போனார்கள். அது ஒரு பேக்கரிக்காரரின் வீடு. லீவு நாளில் மீன் பிடிக்கப் போனவர், குடிநீர் நிலையத்துக்குப் பக்கத்தில் மிதவையைப் பார்த்துத் தூக்கி வந்திருந்தார். கயிறு அறுபடவில்லை. பாய் கிழியாமல் கொடியில் தொங்கியது.

"துணி நல்லாயிருக்கேன்னு எடுத்து வெச்சேன். ரெண்டு தடவ சோப்பு போட்டும் நாத்தம் போகல" என்றாள் பேக்கரிக்காரரின் மனைவி, மூக்கைச் சுளித்தபடி.

இவள் பாயை இழுத்து முகர்ந்தாள். அழுகிய முட்டை. சட்டென்று எல்லாம் பிடிபட்டது. மேல் தண்ணீரைக் காற்று அக்கரைக்குத் தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் இக்கரைக்கு வந்து கொஞ்சம் மேலே எழும்புகிறது. கோடை முழுக்கக் காற்றுப் படாமல் கிடந்து கெட்டுப்போன தண்ணீர். ஊர் குடிக்க எடுப்பது அங்கேதான், ஆழத்தில் ஒன்றும் மேல்மட்டத்தில் ஒன்றுமாக இரண்டு மதகு வழியாக. மகிழ்ச்சியில் பேக்கரிக்காரரின் மனைவியைக் கட்டிக்கொண்டாள். அந்த அம்மா திருதிருவென்று விழித்தாள்.

துணியும் கையுமாக நேரே நாத்தனாரின் அலுவலகத்துக்குப் போனாள்.

"கீழ் மதகை மூடிடு. மேல் மதகுல மட்டும் தண்ணி எடு. காத்து நிக்கிற வரைக்கும்."

"துணியை மோந்து பாத்து மதகை மூடுன்னா, நான் மேல என்னன்னு சொல்றது அண்ணி?"

"ரெண்டு மதகுலயும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி பிடிச்சுப் பாப்போம். அப்புறம் பேசு."

பிடித்தார்கள். கீழ் மதகுத் தண்ணீரின் மூடியைத் திறந்ததும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். மேல் மதகுத் தண்ணீரில் வாடையே இல்லை. வாயைப் பொத்திய கையை எடுக்காமலே, கீழ் மதகை மூடச் சொல்லி ஆளுக்குச் சைகை காட்டினாள்.

காற்று அந்த வாரம் முழுக்க அடித்தது. குழாய்த் தண்ணீர் நாறவில்லை. ஊரில் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. புகார் கேட்கும் குமாஸ்தா மட்டும், போன் கெட்டுப்போய்விட்டதோ என்று அடிக்கடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.