V ஃபார் வியூ பாயின்ட்?

"நாங்க ரெண்டு பேரும் கார்ல போயிடறோம். நீ மட்டும் ட்ரெயின்ல வந்துடேன்!"

போன மாதம் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் என் கணவர் சொன்ன யோசனை இது. நாற்பத்தெட்டு வயது மனைவியைப் பார்சலில் அனுப்பப் பார்க்கிறார்... அதுவும் பாசமாக!

அவரையும் குறை சொல்ல முடியாது. புனேவிலிருந்து தாம்ஹிணி மலைப்பாதை வழியாக ஏறி இறங்கினால் கொங்கண் கடற்கரை. மழைக்காலத்தில் வழியெல்லாம் அருவி என்கிறார்கள். என்கிறார்கள்தான், நான் பார்த்ததில்லை. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். போன தடவை பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டோம்.

நான் பார்க்காத வைத்தியமா? எலுமிச்சம்பழம் முகர்ந்தாயிற்று. இஞ்சி மென்றாயிற்று. சீட்டில் பேப்பர் விரித்து உட்கார்ந்தால் வாந்தி வராது என்றார்கள். கைக்குக் கிடைத்த பழைய வார இதழைப் பிரித்து விரித்தேன். எழுந்து பார்த்தால்... நான் எழுதும் இந்தப் பத்தி வந்த பக்கம்! என் எழுத்தின் மேல் நானே உட்கார்ந்தும் பலனில்லை.

ஆனால், இந்த முறை ட்ரிப்பைக் கைவிட முடியாது. மகள் மீரா மேல்படிப்புக்காக டெல்லி கிளம்புகிறாள். அதற்கு முன்னால் மூன்று பேரும் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. "அம்மா இல்லாம ஃபேமிலி ட்ரிப்பா? நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

கணவர் புனே பக்கத்தில் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் இன்ஜினீயர். கார் செய்கிறவருக்கு வாய்த்தது, கார் ஏறினால் வாந்தி எடுக்கும் மனைவி! திட்டம் போடுவதில் மனிதர் புலி. டயரில் காற்று, ஸ்டெப்னி, வைப்பர் எல்லாம் பார்த்துவிட்டார். போன் மேப்பில் டீக்கு, பெட்ரோலுக்கு என்று அங்கங்கே குறி வைத்திருந்தார். மலைப்பாதையில் மட்டும் வரிசையாக V, V, V.

"இத்தனை வியூ பாயின்ட்டா?" என்று பூரித்துப்போனேன்.

அவர் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார். மீராதான் மெதுவாகச் சொன்னாள். "அது வியூ இல்லம்மா... வாமிட்."

சுருக்கென்றது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று மாலை ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போகும்போதுதான் பொறி தட்டியது. குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் குலுங்கிக்கொண்டு போகிறேனே, ஒரு நாளாவது குமட்டியிருக்கிறதா? விமான் நகர் ஆபீஸுக்கு மழை நாளில் காரை நானே ஓட்டிப்போகிறேனே, அப்போது? இல்லையே! பக்கத்தில் உட்கார்ந்தால்தானே வயிறு புரட்டுகிறது... நானே ஓட்டினால்?

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். "மலையில வண்டிய நான்தான் ஓட்டப்போறேன்."

கணவர் சிரித்தார். "ஏம்மா, மலை ரோடுன்னா விளையாட்டா? ஏத்தத்துல நிறுத்தி எடுக்கத் தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளும் என்று நினைத்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும்.

கைகொடுத்தவள் ஆபீஸ் தோழி மெர்ஸி. புனேயின் கோர்படி பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி. ஞாயிறு காலையில் அவள் என்னைக் கூட்டிப்போன இடம், ஒரு மாலின் மாடி பார்க்கிங்! சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை.

"ஹேண்ட் பிரேக் போடு. கிளட்ச்ச ஆராம்ஸே, மெதுவா விடு. வண்டி லேசா நடுங்கும்... பஸ்!"

"எங்கே?" என்று கண்ணாடியில் பஸ்ஸைத் தேடினேன். இந்தியில் 'பஸ்' என்றால் 'போதும்' என்று எனக்குத் தெரியாதா என்ன? பதற்றம்! வண்டி ஆஃப். மெர்ஸி தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் போனோம். காலியாகக் கிடந்த மாடியைச் சுற்றிக்கொண்டே இருந்த என்னைப் பார்த்து காவலாளி மராத்தியில் கேட்டார் — "மேடம், இன்னுமா இடம் கிடைக்கல?"

கிளம்பினோம். அடிவாரத்தில் கணவர் மனசே இல்லாமல் இடம் மாறி உட்கார்ந்தார். மழை, மூடுபனி. அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

நல்ல ஏற்றம். முன்னால் போன டெம்போ சட்டென்று நின்றது. நானும் நின்றேன். பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பஸ்... நிஜ பஸ்! ஹார்ன் வேறு. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹேண்ட் பிரேக்... கிளட்ச்... அந்த நடுக்கம்... பிரேக்கை விட்டேன். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறியது!

"அம்மா... ஏக் நம்பர்!" என்று கத்தினாள் மீரா. புனேக்காரர்கள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

வயிறு? அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அருவிகள்? எங்கே பார்த்தேன், கண்ணெல்லாம் ரோட்டில். அதனால் என்ன! வீட்டில் ஆளுக்கொரு சீட் ஒதுக்கிவிடுகிறோம். அதிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, கோளாறு நம் உடம்பில்தான் என்று நம்பியும் விடுகிறோம். சில வியாதிக்கு மருந்து வேண்டாம், இடம் மாறி உட்கார்ந்தால் போதும்.

அன்று சாயங்காலம் மூவரும் கடலில் கால் நனைத்தோம். மீரா என் கையை விடவே இல்லை. ஆனால், நான் ஜெயித்தது அதற்கு முன்பே. மலை இறங்கியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் இரண்டு வடாபாவ் சாப்பிட்டேன். பிறகு, சாவியைக் கணவரிடம் நீட்டினேன்.

"மலை முடிஞ்சுது. இனிமே நீங்க ஓட்டுங்க."

வாங்கவில்லை. தானாகவே போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் டிரைவிங்குக்குக் கொடுத்த முதல் சர்டிஃபிகேட்!