புதன்கிழமைக் கயிறு

ஷ்பிரோவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. என்னைவிட நான்கு வயது இளையவன். 'மரியெட்டா'வில் நான் சமையல்காரி, அவன் கேப்டனுக்கு அடுத்த ஆள். சனிக்கிழமை ஸ்ப்ளிட் துறைமுகத்தில் முப்பத்தாறு பயணிகளை ஏற்றிக்கொண்டு, தீவு தீவாகத் தங்கி, அடுத்த சனிக்கிழமை காலையில் திரும்பி வருகிற சின்னக் கப்பல் எங்களுடையது. நங்கூரம், கயிறு, ரப்பர் படகு, கரைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பினார்களா என்று பார்ப்பது, இதெல்லாம் ஷ்பிரோவின் பொறுப்பு. பல வருடம் ஒரே அடுப்படியில் சாப்பிட்டிருக்கிறோம். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. பயணிகளுக்கு அவனைப் பிடிக்கும். வயதான பெண்களைப் படகிலிருந்து ஏற்றும்போது முழங்கைக்குக் கீழே பிடித்து, முட்டைக் கூடையை இறக்குவது போல அலுங்காமல் தளத்தில் நிறுத்துவான்.

புதன்கிழமை மதியம் நாங்கள் ஸ்மொக்வினாவில் கப்பலைக் கட்டுவோம். அது அவன் பிறந்த ஊர். அந்தத் துறையில் கயிறு வாங்கிக் கட்டுகிறவன் அவனுடைய சொந்தத் தம்பி லோவ்ரே.

கப்பல் பின்பக்கமாகத் துறைக்குள் வரும். ஷ்பிரோ பின்தளத்தில் நின்று கயிற்றை வீசுவான். லோவ்ரே பிடித்து இரும்புக் கட்டையில் மாட்டிவிட்டுக் கையைத் தூக்குவான். அந்தக் கை கேப்டனுக்கு. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிடுவான். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாரம் ஒரு முறை, இப்படிப் பதினோரு வருடம். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு ஜெர்மன்காரர் இருவரையும் சேர்த்துப் படம் எடுத்து, "பேசாமலே எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள்" என்று என்னிடம் காட்டினார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர்களுடைய அப்பா ஒரு மரக்கப்பலை விட்டுப் போயிருந்தார். பெயர் 'டானிட்சா'. முன்பு ஒயின் பீப்பாய் ஏற்றியது. மகன்கள் அதில் எட்டு அறை கட்டிப் பயணிகளை ஏற்றினார்கள். தம்பி படிப்பில் கெட்டி, பரீட்சை எழுதி உரிமம் வாங்கியதால் அவனே கேப்டன். அண்ணன் இயந்திரம் பார்த்தான். சுக்கானை இருவரும் முறை வைத்துப் பிடித்தார்கள். ஒரு ஜூன் மாதம், நன்றாக விடிந்து கடல் தட்டுப் போலக் கிடந்த நேரத்தில், லாஸ்டோவோ தீவுக்கு வடக்கே 'டானிட்சா' பாறையில் ஏறியது. நாற்பது நிமிடத்தில் மூழ்கிவிட்டது. பக்கத்தில் வந்த மீன்படகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விசாரணையில் லோவ்ரே நீரோட்டம் இழுத்துவிட்டது என்றான். அடுத்து ஷ்பிரோவைக் கேட்டார்கள். சுக்கானில் தம்பி இருந்தான், தான் மேலே வந்து பார்த்தபோது அவன் வரைபட மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான் என்று ஷ்பிரோ சொன்னான். லோவ்ரேயின் உரிமம் போயிற்று. வெளியே நடையில் நின்றிருந்தவர்கள் காதுபட லோவ்ரே அண்ணனிடம் சொன்னது ஒன்றுதான்.

"சொன்னதுதான் சொன்னே, முழுசா சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு பேச்சில்லை. ஊரார் லோவ்ரேக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தார்கள். அவன் துறையில் கயிறு கட்டப் போனான். ஷ்பிரோ எங்கள் கப்பலுக்கு வந்தான்.

செப்டம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை, துறையில் லோவ்ரே இல்லை. மதுக்கடைக்காரர் நின்றிருந்தார். அவருக்குக் கயிறு பிடிக்கத் தெரியவில்லை. கட்டையில் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாட்டுங்கள், கையை எடுங்கள் என்று ஷ்பிரோ சத்தம் போட வேண்டியிருந்தது. கட்டி முடித்ததும் அவர் ஏறுபலகைக்குப் பக்கத்தில் வந்து, லோவ்ரே திங்கட்கிழமை படகுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டான், ஹெலிகாப்டரில் ஸ்ப்ளிட்டுக்குக் கொண்டுபோனார்கள், மூளையில் ரத்தக்கசிவாம் என்றார். ஷ்பிரோ தலையாட்டினான். பலகையின் கைப்பிடிக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். பயணிகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டான்.

இரவுச் சாப்பாட்டுக்கு நான் கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்க வந்தான். நாளைக் காலைப் படகில் ஸ்ப்ளிட்டுக்குப் போ என்றேன். கேப்டனும் அதையே சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமை எப்படியும் ஸ்ப்ளிட்லதான இருப்போம்," என்றான்.

"சனிக்கிழமை வரைக்கும் இருப்பானா?"

"தெரியல." டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "மல்யெத்ல நங்கூரம் போட யாரு இருக்கா?"

மல்யெத் மறுநாள் நாங்கள் தங்குகிற தீவு. அவன் சாக்குச் சொல்வதாகத்தான் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் சாக்குச் சொல்பவனாகத் தெரியவில்லை. நங்கூரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பழைய பயணிகள் இறங்கி, புதியவர்கள் ஏறுவதற்கு நடுவே ஐந்து மணிநேரம் கிடைக்கும். காய்கறி வண்டி வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று நானே அவனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் அத்திப்பழம் வாங்கினான். லோவ்ரேக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள், பழம் தின்ன முடியாது. அதைப் பார்த்த பிறகும் பையைக் கையிலேயே வைத்திருந்தான். லோவ்ரேயின் மனைவி டிங்கா எழுந்து நாற்காலியை விட்டாள். அவளும் ஷ்பிரோவும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவன் உட்காரவில்லை.

லோவ்ரேயின் வலது பக்கம் முழுவதும் செத்துப்போயிருந்தது. இடது கண் திறந்திருந்தது. அது அண்ணனைப் பார்த்தது. ஷ்பிரோ பேசினான்.

"வியாழக்கிழமை தெற்குக் காத்து. மல்யெத்ல உள்ள தள்ளித்தான் நங்கூரம் போட்டோம். நேத்து காலையில வடக்க திரும்பிடுச்சு. இப்ப கடல் நல்லா இருக்கு."

முறை மாறும்போது சுக்கானை ஒப்படைப்பவன் அடுத்தவனிடம் சொல்வது இப்படித்தான் இருக்கும். லோவ்ரேயின் இடது கை போர்வைமேல் இரண்டு தடவை அசைந்தது. அவனுக்குக் குளிருது, போர்வையை இழுத்து விடு என்றாள் டிங்கா. ஷ்பிரோ இழுத்துவிட்டான். ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினான். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் இருந்தோம். திரும்பும்போது பேருந்தில் அத்திப்பழத்தை அவனே தின்றான், எனக்கும் மூன்று கொடுத்தான்.

திங்கட்கிழமை லோவ்ரே போய்விட்டான். அடக்கம் புதன்கிழமை நான்கு மணிக்கு என்று வைத்தார்கள். நாங்கள் அன்று மதியம் எப்படியும் ஸ்மொக்வினாவில் இருப்போம், அதனால் யாரும் யாரிடமும் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஷ்பிரோவிடம் கறுப்புக் கோட்டு இல்லை. கேப்டனுடையதைப் போட்டுக்கொண்டான், தோளில் இறுக்கமாக இருந்தது. பயணிகள் ஒயின் கிடங்கைப் பார்க்கப் போகிற வழியும் கல்லறைக்குப் போகிற வழியும் ஒன்று. அவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு அம்மா மட்டும் தங்கள் ஷ்பிரோவை அடையாளம் கண்டு கையசைக்கப் போய், சவப்பெட்டியைப் பார்த்துக் கையைக் கீழே இறக்கினார்.

பெட்டியின் முன்பக்கத்தை நீ பிடிக்க வேண்டும் என்று டிங்கா சொல்லியிருந்தாள். பிடித்தான். மேடு ஏறும்போது மற்ற மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது, அவனுக்கு வாங்கவில்லை. குழிக்குப் பக்கத்தில் பெண்கள் அழுதார்கள். அவன் பெட்டி இறங்குகிற கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான், அது ஒரு பக்கம் வேகமாகப் போனபோது "இந்தப் பக்கம் மெதுவா" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். எனக்குப் பின்னால் யாரோ "கல்லு" என்றார்கள். இன்னொருவர் துக்கத்தை உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருப்பான் என்றார்.

இறங்கி வரும்போது என்னிடம் சொன்னான்.

"எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க, யெல்கா. நானும்தான் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணும் வரல."

டிங்காவின் வீட்டில் காப்பியும் ராக்கியா என்கிற சாராயமும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கலைந்தார்கள். நான் கோப்பைகளைக் கழுவினேன். ஷ்பிரோ மேசையில் உட்கார்ந்திருந்தான், டிங்கா அவனுக்கு எதிரே.

"டிங்கா, அன்னிக்கு சுக்கான் என் முறை," என்றான்.

"தெரியும்."

"சொல்லிட்டானா?"

"வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொன்னான். நீ பயணிங்களோட குடிச்சுட்டு எழுந்திருக்க முடியாமக் கிடந்தே. அவன் ராத்திரி பூரா ஒழுகுற பம்போட மல்லுக்கட்டிட்டு, கண்ணு மூடாம உனக்காகப் போய் நின்னான்."

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

"யாருக்கும் தெரியாது. ஊரைக் கூட்டிச் சொல்றேன்னேன். விடல. அண்ணன் வாயாலதான் வரணும்னான். வாரா வாரம் உங்க கப்பலைக் கட்டிட்டு வந்து தட்டு முன்னால உக்காந்து, 'இன்னிக்கும் இல்ல'ம்பான். அப்புறம் சூப்பு ஆறிப்போச்சுன்னு என்கிட்ட மல்லுக்கு நிப்பான்."

"இப்ப சொல்லிட்டேன்."

"எனக்குச் சொல்லி என்ன, ஷ்பிரோ? எனக்குத்தான் தெரியுமே." அவள் குரலில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தாள். அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். அவன் குடித்தான்.

அன்று கப்பலில் வறுத்த மீனும் கீரையும் உருளைக்கிழங்கும். ஷ்பிரோ தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான். மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

அக்டோபர் கடைசியில் கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிப்போட்டோம். மற்றதை டிங்கா எனக்குப் போனில் சொன்னாள். நவம்பர் முதல் வாரம் ஷ்பிரோ, முன்பு விசாரணை நடந்த துறைமுக அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். எழுதி எடுத்துப் போன தாளை நீட்டியிருக்கிறான். சுக்கான் என்னுடைய முறை, குடித்திருந்ததால் தம்பியை நிற்கச் சொன்னேன், அவன் அதற்கு முந்தைய இரவு முழுக்கத் தூங்கவில்லை, இதை அன்று சொல்லவில்லை. நான்கு வரி. அங்கிருந்த பெண், கோப்பு மூடியாயிற்று, ஆளும் உயிரோடில்லை, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாளாம். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நின்றிருக்கிறான். கடைசியில் முத்திரை குத்தி ஒரு நகல் கொடுத்தாள்.

அந்த நகலை ஸ்மொக்வினாவுக்குக் கொண்டுவந்து, கோயிலுக்குப் பக்கத்தில் சாவு அறிவிப்பு ஒட்டுகிற பலகையில், லோவ்ரேயின் படத்துக்குக் கீழே நான்கு மூலையிலும் ஆணி வைத்து அடித்தான். பகலில், ஊரே பார்க்க. ரொட்டிக்கடைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நாங்க அவனைத் தூங்குமூஞ்சின்னு கூப்பிட்டோமேடா," என்றார். ஷ்பிரோ ஆமாம் என்றான். அதன் பிறகு சிலர் அவனுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் எப்போதும் போல ரொட்டி கொடுத்தார், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. தாள் ஒரு வாரம் இருந்தது, மழையில் எழுத்து அழிந்தது.

அது ஆலிவ் பறிக்கிற காலம். டிங்காவுக்கு அறுபது மரம், ஆள் கிடையாது. ஷ்பிரோ கேட்காமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். ஒன்பது நாள் பறித்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். வலையை இழு, சாக்கைப் பிடி, இவ்வளவுதான் என்றாள் டிங்கா. மத்தியானம் அவள் கொண்டுவந்த பாலாடைக்கட்டியைக் கல்லின்மேல் வைத்து இருவரும் சாப்பிட்டிருக்கிறார்கள். கடைசி நாள் செக்கிலிருந்து எண்ணெய் வந்ததும் ஒரு தகர டப்பா நிறைய ஊற்றி, பறித்தவன் எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்திருக்கிறாள்.

ஏப்ரலில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் அடுப்படியில் வைத்தான். தொண்டையில் லேசாகக் காரம் பிடிக்கிற பச்சை எண்ணெய். பயணிகள் வருவதற்கு முந்தின நாள் அதில் கொஞ்சம் தட்டில் ஊற்றி, ரொட்டியோடு அவன் முன்னால் வைத்தேன். தொட்டுத் தின்றான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "காரமா இருக்குன்னு தெரியுது," என்றான்.

மேலே கேப்டன் கூப்பிட்டார். மீதி ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிப் போனான்.