அக்கா வளர்த்த கம்பி

அக்கா கடைசியாக மூட்டிய அடுப்பு ஆறிப்போய்ப் பல நாள் ஆகியும் அதை யாரும் திறக்கவில்லை. நான் வந்து திறக்கட்டும் என்று காலேஜில் காத்திருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டவள், தறியில் உட்காருகிறவள். அக்கா எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஆரணிக்கு வெளியே புதிதாக வந்த காலேஜ் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

அடுப்பு என்று சொல்வது நான்தான். அங்கே அதற்கு ஃபர்னஸ் என்று பேர். ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும்.

அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பாவு பிணைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். படிக்கப் போன பிறகும் அந்த வேலையில் அக்கா கைதான் வேகம்.

"தினமும் அங்க போய் இன்னாக்கா பண்ற?"

"கம்பி வளக்குறன்."

"வளக்குறதுக்கு அது இன்னா ஆட்டுக்குட்டியா?"

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா இதையே சொல்லித் தொலைக்காதடி. ஜெயில்ல கம்பி எண்ணிட்டு வந்தவன்னு நெனச்சிக்கினு எழுந்து போயிடுவாங்க."

அக்கா சிரித்துவிட்டுச் சொன்னாள். "சோறு கொதிக்கும்போது மூடி வச்சா தட்டுல தண்ணி கோத்துக்குதா இல்லியா? அது மாதிரிதான். சிங்க் ஆக்சைடு பவுடரு, கூட கரித்தூளு, ரெண்டையும் கலந்து குழாய்க்கு நடுவுல வச்சி சூடேத்துவேன். அது ஆவியாவும். கேஸு அத மெதுவா தள்ளிக்கினு போவும். சூடு கம்மியா இருக்கிற எடத்துல ஒரு சில்லு வச்சிருப்பேன். அதும் மேல தங்கம் பொட்டுப் பொட்டா இருக்கும். ஆவி அங்க போய் ஒட்டிக்கினு, பொட்டுக்கு ஒண்ணா கம்பி மொளைக்கும்."

"தங்கமா? அப்ப ஜரிகைன்னு சொல்லு."

"ஜரிகை இல்லடி. ஜரிகைக் கம்பிய இழுத்து இழுத்து மெல்லிசாக்குவாங்க. இத யாரும் இழுக்கறதில்ல, தானா வளரும். உன் தலமுடி ஒண்ண நீளவாக்குல ஆயிரமா கிழிச்சா, அதுல ஒண்ணு எவ்ளோ இருக்கும், அவ்ளோதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது முகத்தைப் பார்ப்பேன். பெரும்பாலும் "பவுடர்தான்" என்பாள். ஒரே ஒரு தடவை கம்பி வந்ததாம். அதே மாதிரி திரும்பச் செய்தால் வரவில்லை. கேஸ் கொஞ்சம் கூடிவிட்டாலும் கெட்டுவிடும், சில்லு கொஞ்சம் தள்ளிப்போனாலும் கெட்டுவிடும். கம்பியும் வெள்ளை, பவுடரும் வெள்ளை. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சென்னைக்கு அனுப்பி, பெரிய மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து வந்தால்தான் தெரியும். அந்தப் படத்துக்காக அவள் காத்துக்கொண்டிருக்கும் நாட்களில் வீட்டில் யாரோடும் சண்டை போட மாட்டாள்.

கடைசி முறை மூட்டிவிட்டு வரும்போதே அவளுக்குக் காய்ச்சல். "இந்தத் தடவ சில்ல இன்னும் நாலு விரல் தள்ளி வச்சிருக்கேன்டி. மனசு சொல்லுது, வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டாள்.

"டியூபத் தொறந்தாங்களா?"

"நீ வந்து தொறப்பக்கா" என்று சொன்னேன்.

அவள் வரவில்லை.

காரியத்துக்கு முன்னால் ஒரு நாள், அக்காவோடு அதே லேபில் வேலை செய்த பெண் வீட்டுக்கு வந்தாள். தேசூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, வெகு நேரம் கழித்து அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா, அவங்க கடைசியா வச்சது ஃபர்னஸ்லயே இருக்குது. தொறக்கலாமான்னு எங்க லேப் சார் கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் பாதிச் சேலை இருக்கும்போது நெய்தவர் போய்விட்டால், வெளியாள் அதை அறுக்க மாட்டார்கள். அந்த வீட்டு ஆளே உட்கார்ந்து மிச்சத்தை நெய்து, தன் கையாலேயே தறியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டும். அப்பா யோசிக்கவே இல்லை.

"வூட்டாளுதாம்மா எடுக்கணும். பதினாறு முடியட்டும், சின்னது வரும்."

அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள். தங்கள் வேலைக்கு அந்த அடுப்பு வேண்டும் என்று மற்றவர்களும் காத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் போனேன். லேப் வாசலில் செருப்பைக் கழற்றினேன். "கோயிலாம்மா இது? போட்டுக்கினு வா" என்றார் சார். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடி குழாயின் வாய்மூடியைத் திருகிக் கழற்றினேன். முனை வளைந்த நீளமான இரும்புக் கோலை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தேன். முதலில் சில்லு வந்தது. அப்புறம் படகு மாதிரி ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். கிண்ணத்தில் கொஞ்சம் கரி மட்டும் மிச்சம் இருந்தது.

சில்லு என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்த மாதிரி இருந்தது. சார் குனிந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கிற மாதிரிதான் தெரியுது" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் நினைவில் இல்லை. அக்கா நூற்ற இழை என்று மட்டும்தான் இருந்தது. இழையைக் கண்டால் என் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. விரல் நுனியை நாக்கில் தொட்டு, சில்லின் ஓரத்தில் வைத்து, ஒரு இழையை முறுக்கி எடுக்கப் பார்த்தேன்.

"ஐயோ, தொடாத!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

விரலில் விபூதி மாதிரி கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. சில்லின் அந்த ஓரத்தில் பஞ்சைக் காணோம்.

"கம்பின்னுதானே அக்கா சொல்லிச்சு" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. வீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். "மிச்சம் இருக்குதும்மா. ஒரு ஓரம்தானே போச்சு?" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "மொதல்ல கைய கழுவ வை. மறுபடியும் நாக்குல வச்சிடப் போவுது" என்றார்.

படம் வருவதற்கு நாளானது. நான் தறியில் உட்கார்ந்துகொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பி இருந்தது அந்த ஓரத்தில் மட்டும்தானோ? மிச்சமெல்லாம் பவுடராக இருந்தால்? அக்கா கேட்டுவிட்டுப் போன ஒரே கேள்விக்குப் பதிலை என் விரலே அழித்துவிட்டதோ? அப்பா ஒரு நாள் மட்டும், "இழ அறுந்துகினே இருக்குது, மனச இங்க வை" என்றார்.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண் நேராக வீட்டுக்கே வந்தாள். வாசலிலேயே, "வந்துடுச்சு!" என்றாள். பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்தாள். கறுப்பு வெள்ளைப் படங்கள். முதல் படத்தில் வைக்கோலைக் கொட்டிக் கலைத்த மாதிரி கம்பிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ணி முடியாத அளவுக்கு.

"எல்லாம் கம்பிதான். பவுடரே இல்ல. நாலு விரல் தள்ளி வச்சதுதான் சரி" என்றாள். "இத சார் எழுதற பேப்பர்ல போடப்போறாரு. அதுல மொதல் பேரு அவங்க பேருதான்."

இரண்டாவது படத்தை என் கையில் கொடுத்தாள். அதிலும் கம்பிகள். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கலைந்து கிடக்காமல், எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன, சீப்பால் வாரி விட்ட மாதிரி.

"இது உன் விரல் பட்ட எடம்" என்றாள். "இது பேப்பருக்கு ஆவாது. நீயே வச்சிக்கோன்னு சார் குடுத்தனுப்புனாரு."

அப்பா தறியை விட்டு எழுந்து வந்து படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். படுத்துக் கிடந்த கம்பிகள் நீளவாக்கில் பாவு மாதிரி ஓடும்படி படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு பிணைச்சது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருந்தாம்பா" என்றேன்.

அம்மா அந்தப் பெண்ணுக்குக் காபி போட உள்ளே போனாள். நான் அக்கா போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன். "தொறந்துட்டோம்க்கா. வளந்துடுச்சு" என்று சொன்னேன்.