திங்கட்கிழமைக்கு முன்பு ஐதராபாத்

கண்ணில் விடுகிற சொட்டு மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கும் என்பது அதை விட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். ஐதராபாத்தில் அந்த வெள்ளிக்கிழமை, என் தம்பி சரவணனுக்கு அதைத் திரும்பத் திரும்ப விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் நாக்கை நீட்டி, "கசக்குதுக்கா" என்று என்னிடம் புகார் சொன்னான். அவன் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். நிஜமாகவே கசந்தது.

எனக்குப் பதினோரு வயது, அவனுக்கு ஆறு. அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். சரவணனுக்கு இரண்டு வயதிலேயே கண்ணுக்குள் கட்டி வந்து, இடக்கண்ணை எடுத்துவிட்டுச் செயற்கைக் கண் வைத்திருந்தார்கள். வலக்கண்ணை மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து நான்கு வருஷம் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். அதிலும் கட்டி திரும்பிவிட்டது என்றானபோது, ஐதராபாத்தில் பெரிய டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரயிலேறியிருந்தோம். அந்த டாக்டர் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னதை, அம்மாவின் தம்பியான என் மாமா தமிழில் திருப்பிச் சொன்னார். இந்தக் கண்ணையும் எடுத்தால் பையன் பிழைத்துக்கொள்வான். விட்டுவைத்தால் மூளைக்குப் போய்விடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

நடுவில் சனியும் ஞாயிறும் இருந்தன.

மாமா வீடு ஏ.எஸ்.ராவ் நகரில், பக்கத்திலிருந்த மின்னணுத் தொழிற்சாலையில் அவர் இன்ஜினியர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அப்பா கேட்டார்: "மாப்ள, இந்த ஊர்ல பாக்குறதுக்கு என்னென்ன இருக்கு?" மாமா காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "தம்பிகிட்ட மூச்சு விட்ட, கொன்னுருவேன்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் காலை சார்மினாருக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புதிய மேம்பாலங்களுக்குத் தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. ஊருக்குள் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. சொட்டு மருந்தின் வேகம் இன்னும் அடங்காததால் சரவணனின் கண்பாப்பா விரிந்தே இருந்தது. வெயில் பட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"கண்ணத் தொற சாமி. பாரு, எவ்வளவு ஒசரம்."

"பாத்துட்டேன்ப்பா."

"எத்தன கோபுரம் இருக்கு, சொல்லு."

"நாலு." பொத்திய கையை எடுக்காமலேயே சொன்னான். "நீங்கதான பஸ்ஸுல சொன்னீங்க."

அங்கிருந்து அருங்காட்சியகம். அங்கே ஒரு பழைய கடிகாரத்தில், மணியடிக்கும் நேரத்துக்குச் சின்ன பொம்மை மனிதன் ஒருவன் வெளியே வந்து மணியைத் தட்டுவான். பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. அப்பா அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்தா, அந்தா வர்றான் பாரு" என்று பதறினார். "எங்க, எங்க" என்று அவன் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தபோதே பன்னிரண்டும் அடித்து முடிந்தது. கூட்டம் கலைந்தது. நாங்கள் மட்டும் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றோம். ஒரு மணிக்குப் பொம்மை வந்து ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனபோது, அப்பாவின் தோளிலேயே சரவணன் தூங்கிப்போயிருந்தான். அப்பா அவனை எழுப்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். நான்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா நண்பரின் வேனைக் கேட்டு வாங்கி வந்தார். மாமாவின் மனைவி ஜெயா அத்தையும் வந்தார். அத்தையின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருப்பது. அவர் பேசும் தமிழுக்குள் ஆமாம் என்பதற்கு "ஹவ்", வேண்டாம் என்பதற்கு "நக்கோ" எல்லாம் கலந்து வரும். நாங்கள் கோல்கொண்டா கோட்டைக்குப் போனோம். கீழே வாசலில் நின்று கைதட்டினால் மலையுச்சியில் கேட்கும் என்று ஒருவர் தட்டிக் காட்டினார். அந்த இரண்டு நாளில் சரவணனின் முகம் மலர்ந்தது அங்கேதான். அவனும் தட்டினான். நின்று கேட்டான், மறுபடி தட்டினான். அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"சத்தத்தப் பெறகு கேட்டுக்கிரலாம் சாமி. இப்ப மேல வா, பாக்கணும்."

பெறகு என்ற சொல் எனக்கு உறைத்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பாதிப் படியில் சரவணன் உட்கார்ந்துவிட்டான். கால் வலிக்கிறது என்றான். அப்பா தூக்கிக்கொண்டு போய் மதிலோரம் நிறுத்தி, ஊர் முழுக்கத் தெரிகிறது பார் என்றார். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அப்பா கெஞ்சினார். அவன் இன்னும் இறுக்கினான். அதுவரை எங்கள் இருவர் மேலும் கை வைத்தறியாத அப்பா, "பாருடா" என்று கத்திக்கொண்டு அவன் முதுகில் ஓங்கி அறைந்தார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை ஓடிப்போய்ப் பிள்ளையை அணைத்துக்கொண்டார். "நக்கோண்ணா, நக்கோ. பச்சாவ எதுக்கு அடிக்கறீங்க? அவனுக்கு என்ன பாக்கணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை. அத்தை கேட்டதற்கு அவன் விசும்பிக்கொண்டே சொன்னான்: வரும் வழியில் வயிறு சுற்றுகிற ஒரு லாரியைப் பார்த்தானாம், அதைப் பார்க்க வேண்டுமாம்.

கான்கிரீட் கலக்கும் லாரியைத்தான் சொல்கிறான் என்று மாமாவுக்குப் புரிந்தது. வேனைத் திருப்பிக்கொண்டு, புதிய அலுவலகங்கள் எழும்பிக்கொண்டிருந்த பகுதிக்குப் போனோம். பாறையும் செம்மண்ணுமாகக் கிடந்த வெளியில் ரோட்டோரம் ஆறு பேரும் உட்கார்ந்து, வரிசையாக நின்ற லாரிகள் வயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கலவையைக் கொட்டுவதைச் சாயங்காலம் வரைக்கும் பார்த்தோம். சரவணன் ஒவ்வொன்றுக்கும் எண் வைத்துச் சொன்னான். அப்பா சற்றுத் தள்ளி, கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காலண்டர் தாளில் இன்னும் மூன்று இடங்கள் பாக்கி இருந்தன.

திரும்பும்போது வேனில் அம்மா அவன் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "என்னையும் கொஞ்சம் பாரு சாமி" என்றாள்.

"ஒன்னத்தான் தெனமும் பாக்குறேனே" என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை சேர்த்தோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டு எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவிழ்த்த அன்று, "இன்னும் ஏன் இருட்டா இருக்கு?" என்றான். அப்பா அறையை விட்டு வெளியே போய்விட்டார். "இனிமே இப்படித்தான்டா" என்று நான்தான் சொன்னேன். பிறகு, "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான். தெரியும் என்றேன். "அதுக்குத்தான் ஊரக் காட்டுனாங்களா?" என்றான். அருப்புக்கோட்டை வந்து சேரும்வரை அவன் என்னோடு பேசவில்லை.

சரவணன் படித்தான். இப்போது மதுரையில் ஒரு வங்கியில் அதிகாரி. மனைவி, ஒரு மகள். நான் கல்யாணமாகி வேலைக்கு வந்து சேர்ந்தது இதே ஐதராபாத்தில். நாங்கள் உட்கார்ந்திருந்த ரோட்டோரம் எது என்று இரண்டு மூன்று தடவை தேடிப் பார்த்தேன். பாறையும் இல்லை, செம்மண்ணும் இல்லை, கண்ணாடிக் கட்டடங்கள்தான் இருக்கின்றன.

சில வருஷங்களுக்கு முன்பு என் வீட்டுக்கு வந்திருந்தபோது அவன் சொன்னான்: "பத்து வயசுக்குள்ளயே எல்லாம் அழிஞ்சு போச்சுக்கா. சார்மினாரு, கோட்டை, அந்த லாரி, ஒண்ணும் இல்ல. அம்மா மொகமும் இல்ல. அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத."

ஏனென்றால் அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சார்மினாரு ஞாபகம் இருக்கா சாமி?" என்று கேட்பார். அவனும் இருக்கிறது என்று சொல்லி, எங்கெங்கோ கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் கோத்து, கல்லின் நிறம் வரைக்கும் வர்ணிப்பான். அப்பா கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைப்பார். பிறகு டீக்கடைக்குப் போய், தன் மகனுக்கு ஐதராபாத் முழுக்க அப்படியே மனதில் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

போன மாசியில் அப்பா இறந்தார். அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை.