அப்பாவின் கட்டிலோரத்து மீன் தொட்டி

அப்பாவுக்குப் பேச்சு போனபோது நான் திருச்சியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் பாடம் நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள் என்று சொல்வார்கள். அப்படியொரு குரல். ஒரு நாள் காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது.

"பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். சும்மா சுவரைப் பாத்துக்கிட்டே கிடக்க விடாதீங்க. மனசு எதுலயாவது லயிச்சிருக்கணும்" என்றார் டாக்டர். அவர் போனதும் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே ஒரு வார்த்தை, என் பேர்கூட வேண்டாம், திட்டினாலும் போதும் என்று இருந்தது எனக்கு.

எங்கள் விலங்கியல் டீச்சர் வீடு பாலக்கரையில். கிறிஸ்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. அப்பாவுக்கு இப்படியொன்று வைத்தால் என்ன என்று கேட்டேன். தன்னிடமிருந்த பழைய தொட்டி ஒன்றையே எடுத்துக்கொடுத்தார்: இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. குதிரைவண்டியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

முதல் நாளே ஒழுகியது. தச்சர்கள் சந்து அடைக்கும் மக்கை மூலையில் வைத்து அடைத்துக் காயவிட்டேன், மறுபடி ஒழுகியது, மறுபடி அடைத்தேன். காவிரி மணலைச் சலித்து, அரிசி களைவது மாதிரி கலங்கல் போகும்வரை களைந்தேன். வாழைத்தோட்டத்து வாய்க்காலில் வேலம்பாசி பறித்து மணலில் ஊன்றினேன். அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். "மச்சாவதாரம் எடுத்தது யாரும்மா?" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் கொடுத்த நாலு தங்கமீன்களைத் தூக்குவாளியில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். பாதித் தண்ணீர் பக்கத்திலிருந்த அம்மாளின் மடியில். கிளம்பும்போது டீச்சர் மூன்று விஷயம் சொன்னார். "பிடிச்ச தண்ணியை ரெண்டு நாள் வச்சிருந்து ஊத்தும்மா. ஒரே நாள்ல மொத்தத்தையும் மாத்திடாத, கால் பங்கு போதும். சோப்பு, சீயக்காய் எதையும் கிட்டக்கூடக் கொண்டுபோகாத." அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரிடம் பேச வேறு விஷயம் கிடைக்காததால் பலமுறை படித்துக் காட்டினேன்.

தொட்டி வந்த பிறகு அப்பா சுவர் பக்கம் திரும்பவே இல்லை. இடது கை விரல் கட்டில் விளிம்பில் மீன்களோடு கூடவே நகரும். தீனி போட மறந்தால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும். அந்த உறுமலுக்காகவே சில நாள் மறந்த மாதிரி நடித்தேன்.

பிறகு ஒரு சூரிய கிரகணம் வந்தது. கிரகணத்துக்கு முன்பே அம்மா ஊறுகாய் ஜாடியிலும் பாலிலும் தர்ப்பை கிள்ளிப் போட்டாள். கிரகணம் விட்டதும் ஸ்நானம் செய்துவிட்டு, வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிப் புதிதாக இறைத்து ரொப்பினோம். எங்கள் வீட்டு வழக்கம் அது. அப்போதுதான் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தொட்டியிலே தர்ப்பை போட மறந்துட்டேனேடி! கிரகணத் தீர்த்தத்தை அவர் பக்கத்துல வச்சுண்டிருக்கப்படாது. கொட்டிட்டு வேற ரொப்பு."

அம்மாவோடு மல்லுக்கட்டுவதைவிட நாலு வாளி இறைப்பது சுலபம் என்று பட்டது. எரிச்சல் வந்தால் எனக்குக் கை வேகமாக ஓடும், புத்தி நின்றுவிடும். மீன்களை ஒரு பாத்திரத்தில் எடுத்து விட்டுத் தொட்டியைக் காலி செய்தேன். கண்ணாடியெல்லாம் வழுவழுவென்று பாசி. ஸ்நானத்துக்குக் கரைத்த சீயக்காய் கிண்ணத்தில் மிச்சமிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோ வேறு அழுக்கோ, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். தேங்காய் நாரில் தொட்டுக் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"வே... வேண்டாம்."

திரும்பிப் பார்த்தேன். அப்பாவின் வாய் கோணிக்கொண்டு நடுங்கியது. நாரைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினேன். "அம்மா, அப்பா பேசிட்டார்!" ஈரப்புடவையோடு ஓடி வந்தாள் அம்மா. "இன்னொரு தரம் சொல்லுங்கோ, என் காதால கேக்கணும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை இன்னும் தெளிவாக. "வேண்டாம்." நாங்கள் சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அம்மா பெருமாளுக்கு அக்காரவடிசில் பண்ண அடுப்பு மூட்டப் போனாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே மீதிக் கண்ணாடியையும் தேய்த்து, அரைகுறையாகக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை ரொப்பி, மீன்களை விட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் நாலும் மேலே வந்து வாயைப் பிளந்தன. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. அப்பா கடைசி மீன் அடங்கும்வரை பார்த்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பங்கரையிலிருந்து நெய் வாசனை வந்துகொண்டிருந்தது.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. வேறு மீன்கள் கொடுத்தார். நான் அவற்றைத் தொட்டியில் விட்டபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தீனி போட மறந்தாலும் உறுமல் வரவில்லை. சில வாரங்களில் தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ரெண்டு தரம் தெளிவாப் பேசினாருன்னா பேச்சு வந்துக்கிட்டு இருந்திருக்கு. அப்புறம் ஏன் நின்னுபோச்சுன்னு எனக்கே புரியலை" என்றார் டாக்டர். எனக்குப் புரிந்தது. அம்மா பக்கத்தில் நின்றதால் சொல்லவில்லை. அவள் தனியாக இருந்தபோதும் சொல்லவில்லை.

அப்பா இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். தினமும் காலேஜ் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் பேசிய இரண்டு தரமும் நான்தான் கேட்கவில்லை.